கைப்பேசி வழியே மனச்சோர்வுக்கு உதவி: கிராமத்துத் தாய்மார்களுக்கான தொடக்க வழிகாட்டி

கைக்குழந்தை வீட்டில் இருக்கிறது. கையில் காசு இல்லை. மனநல மருத்துவரைப் பார்க்கப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். போய் வரும்வரை குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதும் தெரியவில்லை. இந்த நிலையில் மனச்சோர்வும் சேர்ந்துகொண்ட ஒரு தாய் கைப்பேசி வழியாக எப்படி உதவி பெறலாம் என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். நீங்கள் அந்தத் தாயின் அக்காவாகவோ, பக்கத்து வீட்டுக்காரராகவோ, ஊர்ச் சுகாதாரப் பணியாளராகவோ இருந்தால் அவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

இணையத்தில் தேடினால் நூறு செயலிகள் வந்து நிற்கும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்ப வேண்டாம். உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "போன வாரம் எப்படிப் போச்சு?" என்று கேட்கும் ஒரு ஆள் எதன் பின்னால் இருக்கிறாரோ, அதைத் தேர்ந்தெடுங்கள். அது ஏன் என்று பின்னால் விளக்குகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்: இன்றே உதவி வேண்டிய நிலையா?

செத்துப்போய்விடலாம் என்ற எண்ணம் வருகிறதா? குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறதா? அப்படியென்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு யாரையாவது அழையுங்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, மலேசியாவில் 15555, சிங்கப்பூரில் 1767, அமெரிக்காவில் 988, பிரிட்டனில் 116 123. இவற்றில் இந்தியாவின் 14416, டெலி மானஸ் என்ற அரசுச் சேவை. 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். அழைப்பு கிடைக்கும்வரை தனியாக இருக்காதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரை போன்றவை இருந்தால் வேறொருவரிடம் கொடுத்து உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு நிலையும் இருக்கிறது. குழந்தை பிறந்த சில நாட்களிலேயே தூக்கமே இல்லாமல் ஓயாமல் இயங்குவது, யாரோ பேசுவதுபோல் குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விசித்திரமான நம்பிக்கைகள் தோன்றுவது, பேச்சு முன்னுக்குப் பின் முரணாவது. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் இப்படி நடக்கிறது. இது மனச்சோர்வு அல்ல, பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனநோய். பேய் பிடித்திருக்கிறது என்று ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது. கைப்பேசி உதவி இதற்குப் போதாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிகிச்சை கொடுத்தால் நன்றாகக் குணமாகும்.

முதல் படி: எனக்கு வந்திருப்பது என்ன?

பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவதும் எரிச்சல் வருவதும் பெரும்பாலான தாய்மாருக்கு நடப்பதுதான். இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அடங்காமல் நீடித்தாலோ, மாதங்கள் கழித்துப் புதிதாகத் தொடங்கினாலோ கவனிக்க வேண்டும். குழந்தைக்கு நான்கு வயதான பிறகும் தாய்க்கு மனச்சோர்வு வரலாம். "பிள்ளைதான் பெரியவனாகிவிட்டானே, இப்போது என்ன?" என்று உங்களை நீங்களே அடக்கிக்கொள்ளாதீர்கள்.

வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 சதவீதம் பேருக்கும் பிரசவித்த பெண்களில் 19.8 சதவீதம் பேருக்கும் ஏதாவதொரு மனநலக் கோளாறு, பெரும்பாலும் மனச்சோர்வு, இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏறக்குறைய ஐந்து தாய்மாரில் ஒருவர். உங்கள் ஊரிலேயே உங்களைப் போல இன்னும் பலர் வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பலர் இதை "மனசு சரியில்லை" என்றுகூடச் சொல்வதில்லை. தலை பாரம், உடம்பு வலி, எந்நேரமும் அசதி, எதிலும் பிடிப்பில்லாமை, குழந்தை சிரித்தாலும் உள்ளே ஒன்றும் தோன்றாமை, சின்ன விஷயத்துக்கும் பிள்ளை மேல் கத்திவிட்டு அப்புறம் குற்ற உணர்ச்சியில் வேகுவது என்று இது பல விதமாக வெளிப்படும்.

உங்கள் நிலையை நீங்களே அளந்து பார்க்க நம்பகமான இரண்டு கேள்வித்தாள்கள் இருக்கின்றன. இரண்டும் இலவசம், இரண்டுக்கும் தமிழ் வடிவம் உண்டு.

ஒன்று எடின்பரோ அளவுகோல். பிரசவித்த தாய்மாருக்கென்றே 1987இல் உருவாக்கியது. கடந்த 7 நாட்களைப் பற்றிய 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம். 10 வந்தாலே ஒருவரிடம் பேசுவது நல்லது.

மற்றொன்று பி.எச்.க்யூ-9. இது எல்லோருக்குமானது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 5 முதல் 9 வரை லேசானது, 10 முதல் 14 வரை நடுத்தரம், 15 முதல் 19 வரை சற்றுத் தீவிரம், 20 முதல் 27 வரை தீவிரம்.

இரண்டிலும் கடைசிக் கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. மற்ற கேள்விகளின் மதிப்பெண் எப்படி இருந்தாலும், அந்த ஒரு கேள்விக்கு உங்கள் பதில் பூஜ்யமாக இல்லையென்றால் மேலே சொன்ன எண்களில் ஒன்றை அழையுங்கள். கிடைத்த மதிப்பெண்ணைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அப்படியே ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் மனச்சோர்வைப் போலவே அசதியைக் கொடுக்கும். அரசு சுகாதார நிலையத்துக்குத் தடுப்பூசி போடப் போகும்போதே கேட்டுவிடலாம்.

இரண்டாம் படி: போன் யார் கையில்?

பெரும்பாலான வழிகாட்டிகள் "செயலியைப் பதிவிறக்குங்கள்" என்பதிலிருந்து தொடங்குகின்றன. கிராமத்தில் பல தாய்மாருக்கு முதல் தடையே அதற்கு முன்னால் இருக்கிறது. போன் கணவருடையதாக இருக்கும், அல்லது வீட்டுக்கு ஒன்றாக இருக்கும். கூரைக்கு அடியில் சிக்னல் கிடைக்காது. ரீசார்ஜ் மாதக் கடைசிக்கு முன்பே தீர்ந்துவிடும். வீட்டில் தனியாகப் பேச ஒரு மூலைகூட இருக்காது. இவை ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு வழி இருக்கிறது.

டேட்டா குறைவாக இருந்தால் வீடியோ அழைப்பைத் தவிருங்கள். ஆலோசகரிடம் "சாதாரண போன் காலில் பேசலாமா?" என்று முதலிலேயே கேளுங்கள். மனச்சோர்வுக்கான பேச்சுச் சிகிச்சை முகம் பார்க்காமல் போனில் நடந்தாலும் பலன் தருகிறது. பட்டன் போன் மட்டுமே இருந்தாலும் ஹெல்ப்லைனை அழைக்கலாம். எழுத்து, ஒலிப் பாடங்கள் இருந்தால் சிக்னலும் டேட்டாவும் இருக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு பிறகு கேட்கலாம்.

போன் பொதுவானதாக இருந்தால் ஆலோசகரிடம் மூன்று விஷயங்களைப் பேசி வையுங்கள். எந்த நேரத்தில் கூப்பிட வேண்டும்? வேறு யாராவது எடுத்தால் தன்னை யார் என்று அவர் சொல்ல வேண்டும்? பேச முடியாத நிலையில் நீங்கள் சொல்லப்போகும் வார்த்தை எது? "நாளைக்குக் கூப்பிடுங்க அக்கா" என்பதுபோல் ஒரு சாதாரண வாக்கியமே போதும். நல்ல ஆலோசகர்கள் இதைத் தாங்களே கேட்பார்கள். வாட்ஸ்அப் மூலம் செய்தி வருகிறது என்றால் திரையில் செய்தியின் வாசகம் தெரியாதபடி அறிவிப்பை மாற்றிக்கொள்ளுங்கள். அந்த உரையாடலை மட்டும் தனியாகப் பூட்டி வைக்கவும் வாட்ஸ்அப்பில் வசதி உண்டு.

வீட்டில் அடி, மிரட்டல் இருக்கிறது என்றால் போனில் எதையும் சேமிக்காதீர்கள். செய்திகளையும் அழைப்புப் பதிவையும் அழித்துவிடுங்கள். முடிந்தால் நம்பிக்கையான இன்னொரு பெண்ணின் போனிலிருந்து பேசுங்கள். அந்தச் சூழ்நிலையை ஆலோசகரிடம் முதல் அழைப்பிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவர் தரும் யோசனைகள் எல்லாமே அதற்கேற்ப மாற வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: எதைத் தேர்ந்தெடுப்பது?

இணைய வழி உதவி பல வகை. ஹெல்ப்லைன் அன்றைய இரவைக் கடக்க உதவும். தொடர் சிகிச்சை வேண்டுமென்றால் எங்கே போவது என்றும் சொல்வார்கள். தொலைவழி மருத்துவ ஆலோசனையில் மருத்துவரே பேசுவார், மருந்தும் எழுதுவார். தாய்மார் குழுக்களில் உங்களைப் போன்றவர்களோடு பேசலாம். 1987இல் அமெரிக்காவில் தொடங்கிய போஸ்ட்பார்ட்டம் சப்போர்ட் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு இப்படிப்பட்ட இலவச இணையக் குழுக்களை நடத்துகிறது. இவை தவிர, வாரம் ஒரு பாடம் என்று பல வாரங்கள் போகும் பயிற்சித் திட்டங்களும் இருக்கின்றன. லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு என் முதல் சிபாரிசு இந்தக் கடைசி வகைதான். ஒரு நிபந்தனை: கூடவே ஒரு ஆள் போனில் பேச வேண்டும்.

அமெரிக்காவின் ஒரிகான் ஆய்வு நிறுவனத்தில் லிசா ஷீபரும் அவருடைய குழுவினரும் மாம்-நெட் என்று ஒரு திட்டத்தை உருவாக்கினார்கள். ஹெட் ஸ்டார்ட் என்ற அரசுத் திட்டத்தில் பிள்ளைகளைச் சேர்த்திருந்த, வருமானம் குறைந்த தாய்மாருக்கானது அது. இணையத்தில் 8 பாடங்கள், அவற்றோடு ஒரு பயிற்றுநர் தவறாமல் போனில் பேசுவார். 70 தாய்மாரைக் கொண்டு நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. பயிற்சி பெற்றவர்களின் மனச்சோர்வு நன்றாகவே குறைந்தது. இணைய வழிச் சிகிச்சைகளைப் பற்றிய பல ஆய்வுகளிலும் இதுவே திரும்பத் திரும்பத் தெரிகிறது: துணைக்கு ஆள் இருக்கும் திட்டங்களில் மக்கள் கடைசிவரை தொடர்கிறார்கள், பலனும் கூடுகிறது. ஆள் இல்லாத செயலிகளை பெரும்பாலோர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

அந்த ஆள் பெரிய மருத்துவராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டத்துக் கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் என்ற மனநல மருத்துவர், ஊர்ச் சுகாதாரப் பெண் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்தார். அவர்கள் வீடு வீடாகப் போய் மனச்சோர்வுள்ள தாய்மாரிடம் பேசினார்கள். 903 தாய்மார் பங்கேற்ற அந்த ஆய்வு 2008இல் வெளியானது. குழந்தை பிறந்து ஆறு மாதமானபோது, வழக்கமான வீட்டு விசாரிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 53 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நீடித்தது. பயிற்சி பெற்ற பணியாளர் பேசியவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான். அந்த முறையை 2015இல் உலக சுகாதார நிறுவனம் கையேடாக வெளியிட்டது. ஆகவே பட்டம் பெரிதாக இல்லை என்பதற்காக ஒரு ஆலோசகரை ஒதுக்கிவிடாதீர்கள். அவருக்குப் பயிற்சி உண்டா, அவரை மேற்பார்வை செய்ய ஒரு நிபுணர் இருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள்.

சேரும் முன் இன்னும் சில கேள்விகள்: என் மொழியில் பேசுவார்களா? ஒவ்வொரு முறையும் ஒரே ஆள்தான் பேசுவாரா? நான் சாக வேண்டும்போல் இருக்கிறது என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? நான் சொல்வதை யார் யாரெல்லாம் பார்க்கலாம்? கட்டணம் பின்னால் வருமா? இவற்றுக்கு நேரான பதில் வரவில்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.

ஓ.டி.பி. கேட்பவர், வங்கி விவரம் கேட்பவர், மூன்றே நாளில் குணமாக்குகிறேன் என்பவர், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், பொடியோ தைலமோ விற்பவர், இவர்கள் யாராக இருந்தாலும் உடனே துண்டித்துவிடுங்கள். செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளில் மனதில் உள்ளதைக் கொட்டுவது சிலருக்கு ஆறுதலாக இருக்கிறது. அதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆபத்தான இரவில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட அதனால் முடியாது. அந்த நேரத்துக்கு மனிதர் வேண்டும்.

குழுக்களில் சேர்ந்தால் ஊர்ப் பெயர், குழந்தையின் படம், கணவர் வேலை செய்யும் இடம் ஆகியவற்றைப் போடாதீர்கள்.

நான்காம் படி: முதல் அழைப்பு

எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிக்கும்போதே வைத்துவிடுபவர்கள் நிறையப் பேர். என்ன பேசுவதென்று தெரியாததுதான் காரணம். முன்கூட்டியே எழுதி வைத்துப் படித்தே சொல்லலாம். இப்படி:

"எனக்கு எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. இரண்டு மாதமாக எதிலும் மனசு ஒட்டவில்லை, ராத்திரி குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளில் 14 வந்தது. வாரம் ஒரு முறை போனில் பேச யாராவது கிடைப்பார்களா?"

இவ்வளவு போதும். நடுவில் அழுகை வந்தால் அழுங்கள், எதிர்முனையில் இருப்பவருக்கு அது பழக்கம். குழந்தை அழுதால் "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள், அதற்கும் அவர் பழகியவர்தான். பேசிய ஆள் உங்களுக்கு ஒத்துவரவில்லை, அதட்டினார், அறிவுரையாகப் பொழிந்தார் என்றால் வேறு ஆள் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு மோசமான அழைப்பை வைத்து "எனக்கு இது சரிப்படாது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: வாராவாரம் செய்யப்போவது

இந்தத் திட்டங்களில் உண்மையாகவே வேலை செய்யும் பகுதி, பார்த்தால் மிகச் சாதாரணமாகத் தெரியும். பீட்டர் லெவின்சன் என்ற உளவியலாளர் 1970களில் வளர்த்தெடுத்த கருத்து அது. மனம் சோர்ந்தால் நமக்குப் பிடித்ததை எல்லாம் விட்டுவிடுகிறோம். விட்டதால் மகிழ்ச்சி வரும் வழிகள் அடைபடுகின்றன. அதனால் இன்னும் சோர்கிறோம். கிணற்றுக்குள் இறங்கும் படிக்கட்டு மாதிரி, ஒவ்வொரு படியும் அடுத்ததற்கு இறக்கிவிடுகிறது. ஏறுவதும் அதே படிகளில்தான், ஒவ்வொன்றாக.

செய்முறை இதுதான். தினமும் இரவில் அன்றைய மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் கொடுத்து எழுதுங்கள். பக்கத்தில் அன்று செய்தவற்றை இரண்டு வரியில் எழுதுங்கள். ஒரு வாரம் இதை மட்டும் செய்தால் போதும். வாரக் கடைசியில் பார்த்தால் ஏதோ ஒரு நாள் 3க்குப் பதில் 5 என்று இருக்கும். அன்று என்ன நடந்தது? வெளியே வெயிலில் கொஞ்சம் நின்றீர்களா, அக்காவிடம் பேசினீர்களா, அவசரமில்லாமல் குளித்தீர்களா? அடுத்த வாரம் அதில் ஒன்றை, பத்தே நிமிடம், குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட நேரத்தில் செய்வதாக எழுதி வையுங்கள்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. "மனசு சரியானதும் செய்கிறேன்" என்று காத்திருப்பார்கள். மனச்சோர்வில் அந்த நேரம் தானாக வராது. பிடிக்காவிட்டாலும் பத்து நிமிடம் செய்துவிட வேண்டும், விருப்பம் பின்னால்தான் வரும். வீட்டு வேலை இதில் சேராது. பாத்திரம் துலக்கியதை "பிடித்த செயல்" என்று எழுதுபவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. அவர்களுக்கென்று ஒன்றைச் செய்து எத்தனை நாளாகியிருக்கும் என்று தோன்றும்.

அடுத்தது எண்ணங்களைச் சோதிப்பது. "நான் நல்ல அம்மா இல்லை" என்று தோன்றும்போது அதை எழுதி, அதற்குக் கீழே இன்று குழந்தைக்காகச் செய்தவற்றை எழுதுங்கள். பாலூட்டியது, குளிப்பாட்டியது, இரவு மூன்று முறை எழுந்தது. நல்லதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. கண் முன்னால் நடந்தவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

தூக்கத்தையும் சரிசெய்ய வேண்டும். இரவில் இடைவிடாமல் நான்கைந்து மணி நேரம் தூங்க வழி செய்துகொள்ளுங்கள். குழந்தை ஒரு முறை எழும்போது கணவரோ, மாமியாரோ, வேறு யாரோ பார்த்துக்கொள்ள முடியுமா என்று ஆலோசகரோடு சேர்ந்து யோசியுங்கள்.

பணக் கஷ்டத்தை எந்தப் பாடமும் தீர்க்காது. கடன்காரர் வாசலில் நிற்கும்போது மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னால் கோபம்தான் வரும், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஒரு பெரிய பிரச்சினையைத் துண்டு துண்டாக்கி, இந்த வாரம் எதைத் தொட முடியும் என்று பார்க்கக் கற்றுக்கொடுக்கும் பகுதி நல்ல திட்டங்களில் உண்டு. கிடைக்க வேண்டிய அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதுகூட அந்த வாரத்து வேலையாக இருக்கலாம். ஆலோசகரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

சில வாரங்கள் போனதும் சலிப்பு வரும். குழந்தைக்குக் காய்ச்சல், அறுவடை வேலை என்று அழைப்பும் தவறும். தவறிய வாரத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. "போன வாரம் முடியவில்லை, விட்ட இடத்திலிருந்து தொடங்கலாமா?" என்று ஒரு செய்தி அனுப்பினால் சரி.

மருந்து வேண்டியிருந்தால்

பி.எச்.க்யூ-9 மதிப்பெண் 15 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, பேச்சுச் சிகிச்சையில் முன்னேற்றம் இல்லையென்றாலோ மருத்துவரிடம் பேசுங்கள், தொலைவழியாகவும் பேசலாம். தாய்ப்பால் கொடுப்பதால் மருந்தே சாப்பிட முடியாது என்பது சரியல்ல. செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்து பாலில் மிகக் குறைவாகவே கலப்பதால் பாலூட்டும் தாய்மாருக்கு மருத்துவர்கள் அதை முதலில் யோசிப்பார்கள். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். நன்றாகிவிட்டது என்று நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். இதற்கு முன் எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, கையில் இருந்ததை எல்லாம் செலவழித்துத் திரிந்த நாட்கள் இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மருந்தே மாறும்.

கூட இருப்பவர்களுக்கு

அவர் பேசும் அந்த அரை மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். போனைக் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போங்கள். பேசி முடித்ததும் "என்ன சொன்னாங்க?" என்று துருவாதீர்கள்.

பலன் தெரிகிறதா?

நான்கு முதல் ஆறு வாரத்துக்குப் பிறகு அதே கேள்வித்தாளை மறுபடி நிரப்புங்கள். முன்பு எழுதி வைத்த தாளை எடுத்துப் பாருங்கள். பி.எச்.க்யூ-9இல் 5 மதிப்பெண் குறைந்திருந்தால் அது நல்ல முன்னேற்றம், அப்படியே தொடருங்கள். அசையவே இல்லையென்றால் ஆலோசகரிடம் எண்ணைச் சொல்லி, அடுத்து என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அழைப்புகளை அடிக்கடி ஆக்கலாம், மருத்துவரைச் சேர்க்கலாம், முறையையே மாற்றலாம்.

திட்டம் முடியும் நாளில் கடைசி அழைப்பில் ஒரு வேலை செய்துவிடுங்கள். மனச்சோர்வு மறுபடி வரலாம், அடுத்த குழந்தை பிறக்கும்போது வாய்ப்பு இன்னும் அதிகம். போன முறை முதலில் தலைகாட்டிய அறிகுறிகள் எவை, அப்போது எது உதவியது, யாரை அழைக்க வேண்டும் என்று ஆலோசகரோடு சேர்ந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு வைத்துவிட்டு, எங்கே இருக்கிறது என்று நம்பிக்கையான ஒருவரிடமும் சொல்லி வையுங்கள்.